சுழியோடினால் மஞ்சள் அட்டை

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த பிள்ளையிடம் யாரும் "உனக்குத் தெரியுமா?" என்று கேட்பதில்லை. தெரியும் என்றே வைத்துக்கொள்வார்கள். அதில் பெரிய ஆபத்தில்லை. அந்தப் பிள்ளையும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். அப்பா எழுத்துக் கூட்டப் பழகும் முன்பே கடலுக்குப் போனவர். அம்மா அந்தளவுகூடப் பள்ளிக்கூடம் பார்க்கவில்லை. அண்ணா சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டு, முடிவு வருவதற்கு முதலே அப்பாவின் வள்ளத்தில் ஏறிவிட்டான் (முடிவை அவன் இன்றுவரை பார்க்கவில்லை, எழுதும்போதே தெரிந்துவிட்டதாம்). நான் மட்டும் உயர்தரம் தேறி, பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் எங்கள் ஒழுங்கையே, அந்தச் சின்னத் தெரு முழுக்க, என்னிடம் வரும். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, கரண்ட் பில் ஏன் கூடியிருக்கிறது, வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பிய சலவை இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் நான்தான். அந்த இயந்திரத்தில் நான் சொன்ன பொத்தானை அமத்தியதில் ஒரு வெள்ளை வேட்டி ரோசா நிறமாக வெளியே வந்தது. அதற்கும் சவர்க்காரத்தைத்தான் பேசினார்கள், சோப்புதான் சரியில்லையாம். என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

எங்கள் ஒழுங்கை திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வளைவை ஒட்டியது. அங்கே ஆண்கள் பெரும்பாலும் சுழியோடிகள். சங்குக்கும் கடலட்டைக்கும் கடலடிக்குப் போய் வருகிறவர்கள். எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குப் பதிவில் ஒரு நீளமான பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. மைதானத்தில் எங்கள் அணி இறங்கினால் சனம் "சுழியோடி! சுழியோடி!" என்றுதான் கத்தும். அதைக் கேட்டால் அப்பாவின் நெஞ்சு ஒரு சாண் உயரும். அப்பாதான் கழகத் தலைவர்.

அந்த வருடம் எங்கள் அணி இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. எதிரணி கப்பல்துறைப் பக்கத்தில் இருந்து. ஆனால் வீட்டில் கோப்பையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. கதை எல்லாம் இன்னொன்றைப் பற்றித்தான். துறைமுகப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பனி (பெயர் வேண்டாம்) தன்னுடைய உதைபந்தாட்ட அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. எடுபடுகிறவனுக்குக் கம்பனியின் களஞ்சியத்தில் நிரந்தர வேலை. தரையில் செய்யும் வேலை. அண்ணாவைப் பார்ப்பதற்கென்றே அங்கிருந்து ஒரு ஐயா இறுதியாட்டத்துக்கு வருகிறார் என்று செய்தி வந்தது.

அம்மா அன்றிலிருந்து கோவிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தா. காரணம் பக்கத்து வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு ராசன் மாமா ஒரு நாள் கடலடியில் இருந்து அவசரமாக மேலே வந்தவர் (ஆழத்தில் இருந்து மெதுமெதுவாகத்தான் ஏற வேண்டும்). அதன்பிறகு அவருடைய கால்கள் இரண்டும் அவர் சொல்லைக் கேட்பதில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவார். அம்மா குசினி யன்னலால் தினமும் அதைப் பார்க்கிறவ.

"எனக்கு கோலும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம்," என்றா அம்மா. "என்ர பிள்ளை பின்னேரம் காய்ஞ்ச உடுப்போட வீட்டை வந்தாக் காணும்."

சிக்கல் என்னவென்றால், அண்ணா நல்ல ஆட்டக்காரன், ஆனால் விழுவான். சும்மா விழமாட்டான், சாமி வந்தவன் மாதிரி விழுவான். எதிரணிக்காரன் பக்கத்தில் நின்று தும்மினாலும், இவன் காலைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு பெனால்டிப் பெட்டிக்குள் போய்த்தான் நிற்பான். கம்பனி ஐயாவுக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றும் அதே செய்தியோடு சேர்ந்து வந்தது.

இந்த நேரத்தில்தான் அப்பா ஆங்கிலத்தில் அச்சடித்த சில தாள்களோடு வந்தார். போட்டி விதிகள்.

"பிள்ளை, இதைத் தமிழாக்கு. எல்லாருக்கும் குடுக்கப்போறம். மைக்கிலயும் நீதான் வாசிக்கிறாய். கழகம் தீர்மானிச்சிட்டுது."

"கழகமோ, நீங்களோ?"

"நான்தான் கழகம்."

நான் அதுவரை ஒரு முழு ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் "தெரியாது" என்பது என் அகராதியில் இல்லாத சொல். தாள்களை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு எனக்குள் ஒரு பூச்சி புகுந்துகொண்டது. ஒரு மனிதன் உண்மையாகவே தடுக்கி விழுந்தானா, இல்லை விழ வேண்டும் என்று விழுந்தானா என்பதை, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மனிதன், அதுவும் வெயிலில், எப்படிக் கண்டுபிடிக்கிறான்? யோசிக்க யோசிக்க எனக்கு அது தமிழ் யாப்பைவிட நுட்பமான விசயமாகத் தெரிந்தது.

போனில் ஆட்டங்களைப் போட்டு, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். விழுகிற மனிதர்களைப் போல சுவாரசியமானவர்கள் உலகத்தில் இல்லை. அடிபட்டது கணுக்காலில், பிடிப்பது முகத்தை. உண்மையாகத் தடக்குப்பட்டவன் கையை முன்னால் ஊன்றப் பார்க்கிறான், உடம்பு தன்னைத்தானே காப்பாற்ற நினைக்கிறது. கள்ளமாக விழுகிறவனோ இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, நெஞ்சை முன்னால் தள்ளி, பறப்பதற்குத் தயாராகிறவன் மாதிரி விழுகிறான். விழும்போதே ஒரு கண் நடுவரைத் தேடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் சோறு தின்ன மறந்துவிட்டேன்.

அண்ணாவைப் பிடித்துவைத்து விசாரித்தேன்.

"அண்ணா, நீ ஏன் விழுறனீ?"

"தள்ளினால் விழத்தானே வேணும்."

"தள்ளாட்டி?"

"தள்ள நினைச்சவன் தானே. நினைப்பும் குற்றம்."

"அது பொய்யெல்லோ?"

அண்ணா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தான். அவனிடம் படிப்பு சம்பந்தமாக நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். "இங்க பார். தொடாமல் விழுந்தால் கள்ளம். தொட்டும் விழாமல் நிண்டால் மடத்தனம். என்னைச் சட்டையில பிடிச்சு இழுக்கிறான், நான் நேர்மையா ஓடிக்கொண்டே இருக்கிறன் எண்டு வை, ரெப்ரி ஊதுவானோ? ஊதமாட்டான். நான் விழுந்தால்தான் அவனுக்கு நடந்தது தெரியும். விழுறது பொய்யில்லையடி. உண்மையைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுறது."

(இந்த வசனத்தைப் பிறகு ஒரு கட்டுரையில் என்னுடையது போலப் போட்டு நல்ல புள்ளி வாங்கினேன்.)

"சரி, டக்கிள் எண்டால் என்ன? எது பவுல், எது இல்லை?"

"பந்தைத் தொட்டிட்டுக் காலைத் தொட்டால் டக்கிள். காலைத் தொட்டிட்டுப் பந்தைத் தொட்டால் பவுல்."

"ரெண்டையும் ஒரே நேரத்தில தொட்டால்?"

"அது ரெப்ரியின்ர மனுசி காலமை என்ன கறி வைச்சவ எண்டதைப் பொறுத்தது."

கேட்டால் மட்டும் போதாது, செய்தும் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. அடுத்த நாள் மெத்தையை முன்னறையில் இழுத்துப்போட்டு, அலுமாரிப் பக்கத்தில் இருந்து ஓடிவந்து, கற்பனையான ஒரு காலில் தடக்குப்பட்டு, கை இரண்டையும் தூக்கி விழுந்து பழகினேன். ஆறாவது தரமோ ஏழாவது தரமோ, கண்ணைத் திறந்தால் அம்மா வாசலில் நிற்கிறா. கையில் திருநீறு.

"எவ்வளவு நாளா இப்பிடி இருக்கு?" என்று கேட்டா, மிகவும் மெதுவாக.

"அம்மா, இது ஆராய்ச்சி."

"ஓம் அம்மா. ஓம். எழும்பு," என்று திருநீற்றைப் பூசினா. படித்த பிள்ளைகளுக்கு மண்டை சூடேறும் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஆராய்ச்சி முடிந்து மொழிபெயர்ப்பில் இறங்கினேன். மைதானத்தில் எல்லாரும் பவுல் என்கிறார்கள், கோல் என்கிறார்கள், டக்கிள் என்கிறார்கள். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிற ஒருத்தி அப்படி எழுதலாமா? அகராதியை எடுத்தேன். டக்கிள் என்பதற்கு முதல் பொருள் "தூண்டில் சாமான்" என்று போட்டிருந்தது. "பின்னாலிருந்து தூண்டில் சாமான் போடுவது குற்றம்" என்று எழுதவிருந்த கையை நல்லவேளையாக நிறுத்தினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு "பந்து பறித்தல்" என்று எழுதினேன். அந்த மெச்சல் ஆறுவதற்குள் அடுத்த சொல் வந்தது. டைவிங். நடுவரை ஏமாற்றுவதற்காக விழுவது.

சனம் இதற்கு "நடிப்பு" என்று சொல்லும். எனக்கு அது கலைத்தன்மை இல்லாததாகப் பட்டது. அகராதியில் தெளிவாக இருந்தது: சுழியோடல். கடலில் செய்வதற்கும் மைதானத்தில் செய்வதற்கும் ஆங்கிலேயன் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறான். நாங்கள் மட்டும் ஏன் இரண்டு வைத்திருக்க வேண்டும்? எழுதினேன்:

"சுழியோடல் என்பது, எதிரணியினர் தொடாதபோதும் தொட்டதாகப் பாசாங்கு செய்து விழுந்து, நடுவரை ஏமாற்றுதலாகும். சுழியோடுபவருக்கு மஞ்சள் அட்டை காட்டப்படும். மீண்டும் சுழியோடினால் வெளியேற்றப்படுவார்."

சுழியோடியின் மகள், சுழியோடிகளின் ஒழுங்கையில் இருந்து, சுழியோடிப் பிழைத்த சோற்றைத் தின்றுவிட்டு எழுதிய வசனம் அது. எழுதிய கையால் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் ஊற்றிக் குடித்தேன்.

போட்டோக்கொப்பி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. "பிள்ளை எழுதினதுதானே, சரியாத்தான் இருக்கும்" என்று மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தவர்கள்கூட உண்டு. அதை முழுதாக வாசித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: கம்பனியில் இருந்து வந்த ஐயா. மலையகப் பக்கத்துக்காரர், எங்கள் கரைச் சொற்கள் பழகாதவர், கொழும்பில் இருந்து மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து சொற்ப நாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்வரிசைக் கதிரையில் இருந்து, ஒரு வரி விடாமல் வாசித்தார். அவர் வாசிப்பதைப் பார்த்து எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

ஆட்டம் தொடங்க முதல் அம்மா, மைக் வைத்திருந்த என் மேசையடிக்கு வந்து காதுக்குள் சொன்னா: "அந்த ஐயா அண்ணாவைப் பற்றி ஏதும் கேட்டால் ஒண்டும் ஒளிக்காமல் நல்லதாச் சொல்லு. கடலில எவ்வளவு கெட்டிக்காரன் எண்டு சொல்லு. அப்பிடி உழைக்கிற பிள்ளை தரையில எப்பிடி உழைப்பான் எண்டு விளங்கும்."

மைக்கில் விதிகளை வாசித்தேன். சுழியோடல் வந்த இடத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கைதட்டல்கூடக் கேட்டது. தங்கள் பெயர் வந்ததும் தட்டிவிட்டார்கள்.

நடுவர் கிண்ணியாவில் இருந்து வந்த கணித ஆசிரியர், முனாஸ் மாஸ்டர். மெல்லிய மனிதர், விசில் மட்டும் கப்பல் சங்கு மாதிரி. ஊதினார். ஆட்டம் தொடங்கியது.

கப்பல்துறை அணியின் பின்களத்தில் ஒருவன் நின்றான். அவனுக்குப் பெயர் ஏதோ இருந்திருக்கும், சனம் "கதவு" என்றது. அவன் அகலத்துக்கு அது காணும். அண்ணா பந்தோடு போனான். கதவு காலை நீட்டினான். கால் எட்டவேயில்லை, இடையில் ஒரு சைக்கிள் போகலாம். அண்ணா எழும்பிப் பறந்தான். இரண்டு கையும் வானத்தில். நான் மைக்கைப் பிடித்தபடி, "ஆ! நெஞ்சு முன்னால! ஒரு கண் ரெப்ரியில!" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் ஆராய்ச்சி எவ்வளவு சரி!

மாஸ்டர் மஞ்சள் அட்டையை எடுத்தார்.

கப்பல்துறைப் பக்கத்தில் யாரோ ஒருவன் என் தாளை அரைகுறையாகக் கேட்டிருக்க வேண்டும். "சுழியோடி! சுழியோடி!" என்று கத்தினான். அந்தப் பக்கம் முழுக்கப் பற்றிக்கொண்டது. எங்கள் பக்கம் சும்மா இருக்குமா? எதிரணிச் சனமே எங்கள் பிள்ளைக்குக் கத்துகிறது என்று குளிர்ந்துபோய், "சுழியோடி! சுழியோடி!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தியது. அண்ணா மஞ்சள் அட்டையை வாங்கிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் கையசைத்தான்.

இடைவேளைக்கு முன் கப்பல்துறை ஒரு கோல் போட்டது. இடைவேளையில் ஐயா எழும்பி என் மேசைக்கு வந்தார். கையில் என் தாள். நான் மைக்கை மேசையில் வைத்தேன். நிறுத்தினேனா என்று கேட்காதீர்கள். கதை அதற்கு வரும்.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கலாமா? அந்த ஒன்பதாம் நம்பர்... ஆளுங்க எல்லாம் சுழியோடின்னு கத்துறாங்களே, உண்மையா?"

அம்மா சொன்னது காதில் ஒலித்தது. நிமிர்ந்து நின்றேன். "ஓம் சேர். அவர் என்ர அண்ணாதான். நல்ல சுழியோடி."

"நல்ல..." ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப இருந்து?"

"சின்ன வயசிலயே தொடங்கினவர் சேர். அப்பா பழக்கினவர்."

"அப்பாவே பழக்கினாரா?"

"அப்பாவை மாதிரி ஒரு சுழியோடி இந்தக் கரையிலயே இல்லை சேர். இப்ப மூச்சுக் காணாது, அதால குறைச்சிட்டார். அங்க நிக்கிறார், பாருங்கோ. கழகத் தலைவர்."

ஐயா திரும்பிப் பார்த்தார். அப்பா நெஞ்சில் தலைவர் பூவைக் குத்திக்கொண்டு, இவரைப் பார்த்துப் பெருமையாகக் கும்பிட்டார்.

"உங்க வீட்டுல யாரும் இத வேணாம்னு சொல்லலையா?"

"அம்மாவுக்கு விருப்பமில்லை சேர். விடச் சொல்லி அழுறவ. ஆனா சீவியம் அதிலதானே போகுது. நான் கம்பஸுக்குப் போனதே அந்த உழைப்பிலதான்."

ஐயா பக்கத்தில் கிடந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார். "பிடிபட்டதே இல்லையா?"

"ஒருக்காப் பிடிச்சவை. பாஸ் இல்லாமல் போனதுக்கு." (கடலில் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதைத்தான் நாங்கள் பாஸ் என்போம்.)

"ஆமா," என்றார் ஐயா, துயரத்தோடு. "அதையும் பார்த்தேன். பாஸே குடுக்க மாட்டேங்குறான்."

இவர் ஏன் அண்ணாவிடம் பாஸ் கேட்கிறார் என்று ஒரு கணம் எனக்குள் ஏதோ இடறியது. தொடர்ந்து யோசித்திருக்கலாம். ஆனால் ஐயா முந்திவிட்டார்.

"இவ்வளவு வெளிப்படையா பேசினதுக்கு நன்றி, தங்கச்சி. ஆனா எங்க கம்பனிக்கு சுழியோடுற ஆளுங்க சரிப்பட்டு வர மாட்டாங்க."

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. குடும்பத்தில் முதல் படித்தவள் நான். என் அப்பாவின் தொழிலை என் முகத்துக்கு நேரே ஒருவர் இப்படிச் சொல்வதா?

"ஏன் சேர்? சுழியோடுறது கேவலமோ?" குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கேட்கத்தானே செய்யும், மைக் வேலை செய்துகொண்டிருந்தது. "நீங்கள் ஒருக்காச் சுழியோடிப் பாருங்கோ, தெரியும்! நாங்கள் பரம்பரையாச் சுழியோடுற ஆக்கள்! எனக்கு அதில ஒரு வெட்கமும் இல்லை!"

மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் அது போனது. கப்பல்துறைப் பக்கத்தில் ஒருவன் கத்தினான், "டேய், ஒத்துக்கொள்ளுறாளடா!"

மெதுவாகக் கதைத்த முன்பாதி மைக்கில் ஏறவில்லை, எங்கள் பக்கத்துக்கு அது கேட்கவில்லை. "சுழியோடுறது கேவலமோ" என்பதில் இருந்துதான் கேட்டது. அது காணும். அப்பா முதலில் எழும்பினார். அவருக்குப் பின்னால் ஒழுங்கை எழும்பியது. எல்லாரும் என் மேசையை நோக்கி வந்தார்கள். ராசன் மாமாகூட ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன ஐயா கதைச்சனீங்கள்?" என்றார் அப்பா. "நான் சுழியோடி. என்ர அப்பன் சுழியோடி. அவற்ர அப்பனும் சுழியோடி. அதுக்கென்ன இப்ப?"

"மூணு தலைமுறையாவா?" ஐயாவின் குரல் நடுங்கியது. பயத்தில் மட்டுமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதில் கொஞ்சம் வியப்பும் இருந்தது. "மூணு தலைமுறையா யாரும் ஊதலையா?"

"ஊதுறதோ? என்னத்தை ஊதுறது?"

"இந்தா நிக்கிறார், பாருங்கோ!" யாரோ ராசன் மாமாவை முன்னால் தள்ளினார்கள். "சுழியோடித்தான் இந்த மனுசனுக்குக் கால் போனது!"

ஐயா ராசன் மாமாவின் கால்களைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். மறுபடி கால்களைப் பார்த்தார். "பாசாங்கு செஞ்சு விழுந்ததுலயா?" என்றார், மிகவும் மெல்லிய குரலில்.

அப்போதுதான் முனாஸ் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஐயாவின் கையில் இருந்த தாளை வாங்கி வாசித்தார். ஒரு தரம் அப்பாவைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு புல்லில் குந்திவிட்டார். முதலில் அவருக்குச் சுகமில்லை என்றுதான் நினைத்தோம். தோள்கள் குலுங்கிய பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"சேர்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயாவிடம் சொன்னார், "இவங்க சங்கு எடுக்கிற ஆக்கள். கடலுக்கடியில போறவங்க. மத்தச் சுழியோடல் இந்தத் தங்கச்சி ஆக்கினது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சவர்க்காரத்தைக் குற்றம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு மாஸ்டர் தாளை வாசித்துக் காட்டினார். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். என்னை ஏசவில்லை. "அப்ப என்ர பெயரைத்தான் பவுலுக்கு வைச்சிருக்கிறாய்," என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். மாஸ்டர் எழும்பி, ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்ததற்காக என்று சொல்லி, மஞ்சள் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். மைதானம் கூரை இல்லாத குறையாக அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில்தான் ஒழுங்கை ஆறித் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது.

ஆனால் அண்ணாவின் வேலை? ஐயா பழையபடி முன்வரிசையில் இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணா என் மேசையைக் கடந்து மைதானத்துக்குள் போகும்போது நின்றான்.

"தங்கச்சி, இனி நான் விழுந்தால் என்ன நடக்கும்?"

"ரெண்டாவது மஞ்சள். வெளியில."

"உண்மையாவே அடிச்சு விழுத்தினால்?"

"அப்ப பவுல். ஆனா அண்ணா..." மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். "உன்னை ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அதன்பிறகு நான் பார்த்தது என் ஆராய்ச்சியில் இல்லாத ஒன்று. ஒரு மனிதன் விழாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. கதவு தோளால் இடித்தான். அண்ணா கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் சுழன்று நின்றான். கதவு சட்டையைப் பிடித்தான். அண்ணா ஓடினான், சட்டையின் ஒரு பாதி கதவின் கையில் நின்றுவிட்டது. கணுக்காலில் மிதித்தான். அண்ணா முகத்தைச் சுளித்தான், ஆனால் முகத்தைப் பிடிக்கவில்லை. மாஸ்டர் ஒன்றுக்கும் ஊதவில்லை. விழாத ஆளுக்கு ஊத அவர் பழகவில்லை. உண்மையைச் சத்தமில்லாமல் சொன்னால் யாருக்கும் கேட்பதில்லை என்று அண்ணா சொன்னது சரிதான்.

கடைசி நிமிடங்களில் பெனால்டிப் பெட்டிக்குள் அது நடந்தது. கதவு பந்தைப் பார்க்கவேயில்லை, நேரே காலைப் பார்த்து வந்தான். இடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இது உண்மை. கை தானாக முன்னால் போகிறது, கண் ஒருவரையும் தேடவில்லை. இது முழு உண்மை. விழுந்தால் பெனால்டி.

"விழு!" என்று கத்தினேன், மைக்கில். ஒழுங்கை முழுக்கக் கத்தியது. எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல். அம்மா. கதிரைக்கு மேல் ஏறி நின்று, "விழு ராசா! என்ர குஞ்செல்லே, விழு!"

அண்ணா விழவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் தள்ளாடித் தள்ளாடி, ஒரு கை மண்ணில் தொட, மறுபடி எழும்பி, அந்தக் கோலத்திலேயே உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. மாஸ்டர் ஆட்டம் முடிந்ததற்கு ஊதினார்.

தோற்றுவிட்டோம். அம்மா கதிரையில் இருந்து இறங்கவேயில்லை.

ஐயா அண்ணாவிடம் போய்க் கைகொடுத்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, கடைசியா ஒண்ணு நடந்திச்சே, அங்க விழுந்திருக்கணும்," என்றார். அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஐயா தொடர்ந்தார்: "சரி, அது இருக்கட்டும். கடலுக்கடியில எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

கதை இப்படி முடிந்தது. ஐயாவின் கம்பனிக்குக் களஞ்சியத்துக்கு ஒரு பந்தாட்டக்காரன் கிடைக்கவில்லை. ஆனால் கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் துப்புரவாக்கப் பழகிய சுழியோடிகளைத் தேடி அவர்கள் வெகு நாளாக அலைந்திருக்கிறார்கள். தரை வேலைக்கென்று அம்மா நேர்ந்து அனுப்பிய பிள்ளை, கம்பனிச் சீருடையோடு கப்பலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். செய்தி வந்த அன்று அம்மா என்னோடு கதைக்கவில்லை. அண்ணா ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான்: மேலே கயிறு பிடிக்க ஆள் நிற்கும், மெதுமெதுவாகத்தான் ஏற விடுவார்கள், ஏறி வந்தால் டொக்டர் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை அணியில் மாற்று ஆட்டக்காரன் கதிரையும் உண்டு. அம்மா ராசன் மாமா வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டே கேட்டா. கடைசியில், "உடுப்பு நனையும்தானே," என்றா. ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு போட்டா.

அண்ணா இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறான். நான் இப்போது ஒரு திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளர் (சிரிக்க வேண்டாம், பரீட்சை எழுதித்தான் எடுபட்டேன்). ஒரு சொல்லை எழுதிவிட்டால், அந்தச் சொல்லைச் சொல்லிப் பிழைக்கிற மனிதர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கிறேன். மேலதிகாரிக்கு இது பெரிய தொல்லை.

என்னுடைய அந்தச் சொல் ஒழுங்கையை விட்டுப் போகவேயில்லை. வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் கள்ளம் போடுகிற பிள்ளைக்கு, "சுழியோடாதே, எழும்பு!" என்றுதான் தாய்மார் சொல்கிறார்கள். சந்தைக்குப் போகச் சொன்னால் நாரி நோகுது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கிற அப்பாவுக்கும் அம்மாவிடம் இருந்து அதே சொல்தான் கிடைக்கிறது. அந்தக் கரையின் பெரிய சுழியோடி முனகிக்கொண்டே எழும்பிப் பையை எடுப்பார்.

அண்ணா வேலைக்கிடையில் வீட்டுக்குப் போன் எடுத்து, "அம்மா, இப்ப சுழியோடப் போறன், பிறகு கதைக்கிறன்," என்பான். அம்மா உடனே கேட்பா:

"எந்தச் சுழி? கடல் சுழியோ, தங்கச்சி சுழியோ?"

கடல் சுழி என்றால் போனை வைத்துவிட்டுச் சாமிப்படத்தடிக்குப் போய் ஒரு நிமிடம் நிற்பா. தங்கச்சி சுழி என்றால், வரும்போது தேங்காய் வாங்கிவரச் சொல்லுவா.